இரண்டாம் வாசோ, தேய்பிறை ஐந்து

ஜூலை 10, 2023, திங்கள்
முதல் வாசோ, தேய்பிறை 8

விடிந்ததிலிருந்து மழை. அலுவலகக் கூரையின் மூலை மறுபடி ஒழுகுகிறது. கோப்பு அலமாரிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு உட்காரும்போது மணி பத்து.

முதல் ஆளாக வந்தவள் அங்கம்மா. முப்பத்து நான்கு வயது. பர்மியத்தில்தான் பேச ஆரம்பித்தாள். பெயரைக் கேட்டதும் நான் தமிழில் பேசினேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க நம்ம ஆளாக்கா?"

"மோல்மீன். பேரு வடிவு. இந்த ஊருக்கு வந்து பதினாலு வருஷமாச்சு."

இந்த ஊர் என்றால் மே சோட். தாய்லாந்து எல்லை. மோய் ஆற்றைத் தாண்டினால் பர்மா. ஆறு தாண்டி வருகிறவர்கள் சொல்வதைத் தாய்லாந்து மொழியில் எழுதிக்கொடுப்பது இந்த உதவி அமைப்பில் என் வேலை.

அங்கம்மா மகளைத் தேடுகிறாள். 2021 டிசம்பரில் அவள் பர்மாவின் மோல்மீனில், படுத்த படுக்கையாக இருந்த அப்பாவோடு இருந்திருக்கிறாள். ஆறு வயது மகளை எல்லைக் கிராமத்தில், பக்கத்து வீட்டுக் கரேன் இனக் கிழவியிடம் விட்டிருந்தாள். சண்டை வந்தது, பாதை அடைத்தார்கள். அவள் திரும்பியபோது ஊரே எரிந்து கிடந்தது. கிழவி குழந்தையோடு ஆற்றைக் கடந்தாள் என்றும், முகாமில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றும் பிறகு யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து முகாம் முகாமாக அலைகிறாள்.

"பிப்ரவரியில இங்கயும் வந்தேங்க்கா. நீங்க இல்ல, வேற ஒரு பொண்ணு இருந்துச்சு. பட்டியலப் பாத்துட்டு இல்லேன்னுருச்சு."

"குழந்த எப்பப் பொறந்தா?"

யோசிக்காமல் சொன்னாள்: "ஆயிரத்து முந்நூத்தி எழுபத்தேழு, ரெண்டாம் வாசோ, தேய்பிறை அஞ்சு. ராகு நாளு. அதான் 'ய'வுல பேரு வச்சோம். யமுனா. பள்ளிக்கூடத்துப் பேரு யமின்."

எனக்கு இதெல்லாம் வெல்லம். பர்மியக் கணக்கில் வாரத்துக்கு எட்டு நாள். புதன்கிழமை மதியத்துக்கு மேல் ராகுவின் நாள். அந்த நேரத்தில் பிறந்த பிள்ளைக்கு 'ய'வில் பெயர். தமிழர்களும் அங்கே அப்படித்தான் வைக்கிறோம். சந்திர மாதங்கள் பருவத்தை விட்டு விலகிப் போகாமலிருக்க, சில வருடங்களில் வாசோ மாதத்தை இரண்டு முறை நடத்துவார்கள். இந்த வருடமும் அப்படித்தான். ஜூலை 18-இல் இரண்டாம் வாசோ பிறக்கிறது. என் மேசைக்கு எதிரே மூன்று நாட்காட்டிகள் தொங்குகின்றன: பர்மியம், தாய்லாந்து, தமிழ். அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

1377 என்றால் 2015. அங்கம்மாவை உட்காரவைத்துப் பதிவேட்டைத் தேடினேன். மலைப்பாதையில் இருக்கும் குழந்தைகள் இல்லத்தில் மின் மின் என்று ஒருத்தி. கரேன் கிழவி கொண்டுவந்தது. பிறந்த நாள் 24 ஜூலை 2559, ஞாயிறு. தாய்லாந்தின் 2559 என்றால் 2016.

வருடம் தப்பு, கிழமை தப்பு, பெயரும் பாதிதான். ஆனால் கிழவி உண்டு.


ஜூலை 11, செவ்வாய்

இல்லத்தை நடத்தும் சோம்ஜித் ஆசிரியையோடு தொலைபேசியில் பேசினேன். கறாரான பெண். காரணமும் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மூன்று முறை பொய்த் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள்.

"பீ வடிவு, வருடம் ஒத்துப்போகவில்லை, கிழமை ஒத்துப்போகவில்லை. எதை வைத்து நான் மரபணுப் பரிசோதனைக்கு எழுதுவது?" என்றாள். பீ என்றால் அக்கா.

குழந்தையின் முகத்தைக் காட்டக்கூட விதி இடம் கொடுக்காது. அதோடு இன்னொன்றும் சொன்னாள். மின் மின்னைச் சியாங் ராயில் ஒரு குடும்பம் வளர்க்கக் கேட்டிருக்கிறது. ஆகஸ்ட் 8 அன்று அனுப்புகிறார்கள். நல்ல குடும்பமாம், வீட்டில் நாய் இருக்கிறதாம்.

அங்கம்மாவிடம் சியாங் ராய் பற்றிச் சொல்லவில்லை.


ஜூலை 13, வியாழன்
முதல் வாசோ, தேய்பிறை 11

சாப்பாட்டு வேளையில் பழைய பர்மிய நாட்காட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஜூலை 24-ஐத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். 2016-இல் அது வாசோ தேய்பிறை ஐந்து.

தேய்பிறை ஐந்து.

அதே மாதப் பெயர், அதே பிறை. இடறுவது வருடமும் 'இரண்டாம்' என்ற சொல்லும்தான். கிழமையை யாரும் தனியாகக் கேட்டு எழுதவில்லை. தேதி விழுந்த இடத்தில் கிழமை தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக, யாரோ ஒருவர் காதில் ஒரு பர்மியத் தேதி விழுந்திருக்கிறது. அவர் அதை இங்கிலீஷ் தேதியாக மாற்றி எழுதியிருக்கிறார்.

2015-இல் இரண்டாம் வாசோ தேய்பிறை ஐந்து என்றைக்கு விழுந்தது? ஆகஸ்ட் 5. புதன்கிழமை.

சோறு ஆறிப்போனது. மதியம் முழுக்கக் காலில் சக்கரம் கட்டிய மாதிரி நடந்துகொண்டிருந்தேன். சந்தோஷம்தான், வேறென்ன.


ஜூலை 15, சனி

துணி மூன்று நாளாகக் காயவில்லை. மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டினேன். மின்விசிறியும் ஓடவில்லை.


ஜூலை 17, திங்கள்
முதல் வாசோ, அமாவாசை. ஆடி 1

தமிழ் நாட்காட்டியில் இந்த ஆடிக்கு இரண்டு அமாவாசை. முதல் தேதி ஒன்று, கடைசித் தேதி ஒன்று. அங்கே அமாவாசை இரட்டிக்கிற நேரத்தில் இங்கே வாசோ இரட்டிக்கிறது. ஒரே சந்திரன், வீட்டுக்கு வீடு வேறு கணக்கு. குளிக்கும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வருட முடிச்சு அவிழ்ந்தது.

பர்மியர்கள் 1377 என்று எழுதுமிடத்தில் புத்த சாசன ஆண்டையும் எழுதுவார்கள். ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டைக் கூட்டினால் போதும். 2559.

தாய்லாந்துக்காரர்களும் புத்தர் மறைந்ததிலிருந்துதான் எண்ணுகிறார்கள். ஆனால் அவர்கள் முடிந்த ஆண்டை எண்ணுகிறார்கள், நாங்கள் நடக்கிற ஆண்டை எண்ணுகிறோம். எட்டு வயது முடிந்து ஒன்பது நடக்கிறது என்போமே, அந்த வித்தியாசம். 2015 தாய்லாந்தில் 2558, பர்மாவில் 2559. கிழவி சொன்னது பர்மிய 2559. எழுதியவர் அதைத் தாய்லாந்தின் 2559 என்று எடுத்துக்கொண்டு குழந்தையின் வயதில் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டார்.

அப்படியானால் 'இரண்டாம்' எங்கே போயிற்று? 2016-இல் இரண்டாம் வாசோவே கிடையாது. கிழவி அதைச் சொல்லாமல் விட்டாளா, எழுதியவர் விட்டாரா?

ஆற்றைக் கடந்து வந்தவர்களின் முதல் குறிப்புச் சீட்டுகள் பின்னறையில் பெட்டிகளில் இருக்கின்றன. அந்த டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் எழுதினோம். சாவி என்னிடம்தான். இன்று நேரமில்லை.


ஜூலை 18, செவ்வாய்
இரண்டாம் வாசோ, வளர்பிறை 1

அங்கம்மா அவித்த பட்டாணிப் பொட்டலம் கொண்டுவந்தாள். ஆற்றோரம் ஒரு தையல் கொட்டகையில் தங்கியிருக்கிறாள். 2559 கதையைச் சொன்னேன். அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது.

"அப்ப அது எம்புள்ளதானேக்கா?"

"இருக்கலாம். இருக்கலாம்னுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்."

"எழுதினது யாரு?"

"யாராவது ஒரு மொழிபெயர்ப்பாளரா இருக்கும். அன்னிக்கு எரநூறு பேர் வந்தாங்க."

"அவங்களையே கேக்கலாமே."

கேட்கலாம் என்றேன். பின்னறையில் எலித்தொல்லை இருக்கிறது. மழை விட்ட பிறகு பெட்டிகளை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் முறை.


ஜூலை 19, புதன்

மழை விட்டது. பின்னறைக்குப் போகவில்லை.


ஜூலை 20, வியாழன்
இரண்டாம் வாசோ, வளர்பிறை 3

போனேன்.

மூன்றாவது பெட்டி. டிசம்பர் 17, 2021. நீல மை. 'பெண் குழந்தை, மின் மின். சாசன ஆண்டு 2559, இரண்டாம் வாசோ, தேய்பிறை 5.' 'இரண்டாம்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில்: '2559-இல் இரண்டாம் வாசோ இல்லை. கிழவியின் தவறு. திருத்தப்பட்டது.' கீழே வி. வி. என்று சுருக்கொப்பம்.

வடிவு என்கிற வின் வின். என் பர்மியப் பெயர்.

உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் நினைவுக்கு வருகிறது. மறந்திருந்தேன் என்று எழுத வந்தேன், அது உண்மையில்லை. திங்கட்கிழமையிலிருந்தே தெரியும். ஐந்து பேரில் நாட்காட்டி பார்த்துத் திருத்துகிற பைத்தியம் எனக்கு ஒருத்திக்குத்தான்.

அன்று ஆற்றங்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே மேசை போட்டிருந்தோம். குழந்தை கிழவியின் தோளில் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மடாலயத்தில் எழுதிக்கொடுத்திருந்த பிறப்புச் சீட்டைக் கிழவி பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நான் மனதுக்குள் தாய்லாந்து வருடக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். அட்டவணையைப் புரட்டினேன், 2559-இல் இரண்டாம் வாசோ இல்லை. அவள் "ரெண்டாவது வாசோ, மகளே, ரெண்டாவது" என்று இரண்டு விரலைக் காட்டினாள். நான் சிரித்தேன். வயதானவர்களுக்கு இது சகஜம் என்று பக்கத்திலிருந்தவளிடம் தாய்லாந்து மொழியில் சொன்னேன்.

எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. மற்றவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், நான் சரிபார்த்து எழுதினேன்.

மற்றவர்களைப் போல எழுதியிருந்தால் பிப்ரவரியிலேயே அங்கம்மாவுக்குக் குழந்தை கிடைத்திருக்கும்.


ஜூலை 21, வெள்ளி

அங்கம்மா வந்தாள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.


ஜூலை 24, திங்கள்
இரண்டாம் வாசோ, வளர்பிறை 7

காலை வண்டியில் மலையேறினேன். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு போட்ட வண்டி, முழங்காலோடு முழங்கால் இடிக்கும். சீட்டைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தேன்.

சோம்ஜித் ஆசிரியை சீட்டை வாங்கிப் பார்த்தாள். பர்மிய எழுத்து அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். என் சுருக்கொப்பத்தையும் சொன்னேன்.

சீட்டை மேசைமேல் வைத்தாள். பிறகு, "பீ, நான் கேட்பதைத் தப்பாக நினைக்காதீர்கள். அன்றைக்குத் தவறாக எழுதியதும் நீங்கள். இன்றைக்கு அது தவறு என்பதும் நீங்கள். அதோடு அந்தப் பெண் உங்கள் இனத்தவள். நான் எந்த வடிவை நம்புவது?" என்றாள்.

நியாயமான கேள்வி.

"என்னை நம்பவேண்டாம். உங்களிடம் நூறாண்டு நாட்காட்டி இருக்கிறதா?"

அது இல்லாத தாய்லாந்து வீடு கிடையாது. கல்யாண நாள் பார்க்க, புதுமனை புக, எல்லாவற்றுக்கும் அதுதான். இல்லத்துச் சமையற்காரியின் அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ஒன்று வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன், தொடவில்லை.

"எங்கள் வாசோ உங்களுக்கு எட்டாம் மாதம். 2559-இல் எட்டாம் மாதம் எத்தனை முறை வருகிறது பாருங்கள்."

விரலை வைத்துத் தேடினாள். "ஒரு முறை."

"2558-இல்?"

பக்கத்தைப் பின்னால் திருப்பினாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாள். சமையற்காரியும் எட்டிப் பார்த்தாள்.

"இரண்டு முறை," என்றாள் சோம்ஜித். கொஞ்சம் கழித்து மறுபடியும், "இரண்டு முறை" என்றாள்.

"கிழவி இரண்டாம் என்று சொன்னது சீட்டில் இருக்கிறது. அடித்தது மட்டும்தான் நான். அவள் தப்பாகச் சொல்லவில்லை. இரண்டாவது எட்டாம் மாதம் 2558-இல்தான் இருக்கிறது. அந்தத் தேய்பிறை ஐந்து புதன்கிழமை. அம்மா சொல்வதும் புதன்."

சமையற்காரி, "அப்ப மின் மின்னுக்கு எட்டு வயசா? அதான் பாவாடையெல்லாம் சீக்கிரம் குட்டையாயிடுது" என்றாள்.

சோம்ஜித் சிரிக்கவில்லை. நான் செய்ததை என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டால் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னாள். அந்தத் தாள் எங்கள் அலுவலகத் தலைவருக்கும் போகும் என்றாள். வேலை போகலாம் என்பதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். முற்றத்தில் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதலில் பார்க்கிற உரிமை என்னுடையதில்லை.


ஜூலை 26, புதன்

அங்கம்மாவிடம் சொன்னேன். தையல் கொட்டகைக்கு நானே போனேன். அவள் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கும்வரை தையலை நிறுத்தவில்லை.

"கிழவி ரெண்டு விரலக் காட்டுச்சா?"

"காட்டினாங்க."

"நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

நூலைப் பல்லால் கடித்தாள். "போங்கக்கா. இப்ப பேச வேணாம்."

வந்துவிட்டேன்.


ஜூலை 28, வெள்ளி
இரண்டாம் வாசோ, வளர்பிறை 11

தலைவர் கூப்பிட்டார். விசாரணை முடியும்வரை நான் கோப்புகளுக்கு மொழிபெயர்க்கக் கூடாது. பின்னறையில் என் கைப்பட்ட எல்லாச் சீட்டுகளையும் சரிபார்க்க வேண்டும், பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அறுபத்து மூன்று சீட்டு. மாலைக்குள் நாற்பது முடிந்தது. இன்னும் ஒன்று அகப்பட்டது. ஒரு பையன். அதே 2559 தவறு, அதே நீல மை. அவனை யாரும் தேடி வந்ததாகப் பதிவில்லை. வந்து, பட்டியலில் இல்லை என்று திரும்பியிருக்கலாம்.

திருத்தி, திருத்தியது யார் என்று முழுப்பெயரையும் எழுதினேன்.


ஆகஸ்ட் 1, செவ்வாய்
இரண்டாம் வாசோ, பௌர்ணமி

விடுமுறை. ஆற்றின் இரண்டு கரையிலும் விகாரைகளில் கூட்டம். மழைக்கால விரதம் தொடங்குகிறது. சில வருடங்களில் இரண்டு கரைக்கும் பௌர்ணமி ஒரு நாள் வித்தியாசப்படும். இந்த முறை ஒரே நாள்.

நேற்று அங்கம்மாவிடம் பரிசோதனைக்கு எச்சில் எடுத்தார்களாம். கொட்டகைக்காரர் சொன்னார். சியாங் ராய் பயணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.


ஆகஸ்ட் 6, ஞாயிறு
இரண்டாம் வாசோ, தேய்பிறை 5

அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அங்கம்மா. கையில் தூக்குச்சட்டி.

"பாயசம். இன்னிக்கு அவ நாளு. யாருக்குக் குடுக்கன்னு தெரியல."

இரண்டு பேரும் குடித்தோம். சேமியா கொஞ்சம் குழைந்திருந்தது.

"ரெண்டாம் வாசோவுல பொறந்தவளுக்கு வருசா வருசம் மாசம் வராது. ஆறு வயசுக்குள்ள ரெண்டு தடவதான் வந்துச்சு. இது மூணாவது," என்றாள். "ரெண்டாவது தடவ எங்கூட இருந்தா. ஊர்ல. பலூன் கேட்டா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தாள்.

"உங்க மேல கோவம் இருக்குக்கா. அது அப்பிடியே இருக்கட்டும், எடுக்க வேணாம். அந்தச் சீட்ட நீங்க கிழிச்சுப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுவும் எனக்குத் தெரியும்."

சட்டியைக் கழுவி வாங்கிக்கொண்டு போனாள்.


ஆகஸ்ட் 12, சனி

அறுபத்து மூன்றும் முடிந்தது. மொத்தம் மூன்று தவறு, யமுனாவையும் சேர்த்து. பையனின் ஊர்க்காரர் ஒருவர் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.


ஆகஸ்ட் 18, வெள்ளி
வாகாவுங் மாதம், வளர்பிறை 2

முடிவு வந்தது. தாயும் மகளும்தான்.

அங்கம்மா தொலைபேசியில் "சரி" என்றாள். பிறகு, "திங்கக்கெழம வரச் சொல்றாங்க. நீங்களும் வாங்க. எம்புள்ள இப்ப யோடயா பாஷதான் பேசுதாம்" என்றாள். தாய்லாந்தை யோடயா என்றுதான் அங்கே சொல்வோம்.

எனக்கு மொழிபெயர்க்க அனுமதி இல்லை என்றேன். சும்மா நில்லுங்கள் என்றாள்.


ஆகஸ்ட் 21, திங்கள்
வாகாவுங், வளர்பிறை 5

முற்றத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அங்கம்மா புதுச் சேலையில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். இல்லம் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளருக்கு வழியில் மண்சரிவு, வர முடியவில்லை. நான் மதிலோரம் நின்றேன்.

சோம்ஜித் ஆசிரியை கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஒல்லி, நெற்றியில் வெட்டிவிட்ட முடி. அங்கம்மாவின் தாடையை அப்படியே எடுத்து ஒட்டிய மாதிரி.

"யமுனா," என்றாள் அங்கம்மா.

குழந்தை நின்றுவிட்டது. அழவில்லை. ஓடிவந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. அம்மாவின் முகத்தை, கையை, செருப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தது. இரண்டு அடி வைத்து வந்து, அங்கம்மாவின் முழங்கையில் இருக்கும் பழைய தீக்காயத் தழும்பை ஒரு விரலால் தொட்டது. தொட்டுவிட்டு சோம்ஜித்தைத் திரும்பிப் பார்த்து தாய்லாந்து மொழியில் ஏதோ கேட்டது.

அங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் சோம்ஜித்தைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "சொல்லுங்கள் பீ. கேட்டதை மட்டும், கேட்டபடி" என்றாள்.

கேட்டபடி சொன்னேன்.

"தனக்கு நெசமாவே எட்டு வயசான்னு கேக்குறா."

"ஆமாம்னு சொல்லுங்க," என்றாள் அங்கம்மா. "எட்டு முடிஞ்சு ஒம்பது நடக்குதுன்னு சொல்லுங்க."

அதையும் அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குழந்தையின் கண் விரிந்தது. சட்டென்று திரும்பிப் படுக்கை அறைகள் பக்கம் ஓடிவிட்டது. அங்கம்மாவின் கைகள் முன்னால் நீண்டபடியே நின்றன.

உள்ளேயிருந்து குழந்தையின் குரல் கேட்டது. ஃபா என்ற சிநேகிதியிடம் பேசுகிறது என்றாள் சோம்ஜித். ஏழரை வயது. இவ்வளவு நாளும் நான்தான் அக்கா என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தவளாம். சோம்ஜித் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொல்லுதுக்கா?" அங்கம்மா கேட்டாள்.

"'எங்கம்மா வந்திருக்காங்க. நான்தான் உனக்கு அக்கா'ன்னு சொல்லுது."

அந்தச் சிநேகிதியை இழுத்துக்கொண்டு குழந்தை முற்றத்துக்குத் திரும்பி வந்தது. பெஞ்சில் அங்கம்மாவை ஒட்டி உட்கார்ந்து, எதிரே நின்ற ஃபாவை நிமிர்ந்து பார்த்தது.